தம்பிக்கு முன்பே கொடுத்த 18 லட்சம்: உயிலா, தானப் பத்திரமா, அப்படியே விட்டுவிடுவதா?

அப்பாவின் பழைய டைரிகள் எல்லாம் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. 2009 டைரியில், ஜூன் மாதப் பக்கம் ஒன்றில், நீல மையில் ஒரு வரி: ‘சின்னவனுக்கு ஃப்ளாட் முன்பணம் 18,00,000. செக்.’ அதற்குக் கீழே அதே கையெழுத்தில் அந்த மாதப் பால் கணக்கு.

போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு இந்த ஒரு வரியைப் பற்றித்தான். அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் கம்மனஹள்ளியில் 30-க்கு 40 அடி சைட் வாங்கி, முதலில் கீழ்வீடு, பத்து வருஷம் கழித்து மாடி என்று கட்டினார். எல்லாம் அவர் சொந்தச் சம்பாத்தியம். பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, நான், தம்பி. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்தில், “நான் இருக்கும்போதே எழுதி வெச்சிடறேன் பாப்பா” என்றார். எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல். தம்பிக்கு ஏற்கெனவே கொடுத்ததை என்ன செய்வது? அதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு வக்கீல்களிடம் போய், சட்டத்தையும் கொஞ்சம் படித்து நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எனக்கே பல தெரியும்.

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். “அவன் முன்னாடியே வாங்கிட்டான், பிரிக்கும்போது அதைக் கழிச்சுக்குவாங்க” என்று கிட்டத்தட்ட எல்லோருமே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சட்டம் கழிக்காது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போனது எவ்வளவோ அதைத்தான் பங்கு போடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைத் திரும்பக் கணக்கில் சேர்க்க அதில் வழியே இல்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் 49-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது: பிள்ளைக்கு முன்பு கொடுத்த பணமோ சொத்தோ பங்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. இஸ்லாமியர்களுக்கும் வாழும்போதே முறையாகக் கொடுத்து முடித்தது கொடுத்ததுதான். உயில் விஷயத்தில் மட்டும் வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, சுன்னி முறையில் வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினாலும் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். பிரான்ஸில் இதற்கு நேர் எதிர். அங்கே அப்பா ஒரு பிள்ளைக்கு முன்பு கொடுத்தது, வேறு விதமாகச் சொல்லாதவரை, பாகத்தின்போது மேஜைக்குத் திரும்ப வந்தாக வேண்டும். நம் ஊரில் அதை மேஜைக்குக் கொண்டுவரக் கூடியவர் கொடுத்தவர் ஒருவர்தான், அதுவும் அவர் உயிரோடு இருக்கும்வரைதான்.

சரி, ஒன்றுமே செய்யாமல் விட்டால்? அப்பா உயில் எழுதாமல் போனால் வீடு மூன்றாகப் பிரியாது, நான்காகப் பிரியும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. இதைப் பலர் மறந்தே போகிறார்கள். வீட்டுக்கு இன்று 2 கோடியே 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 60 லட்சம். அம்மாவும் எழுதாமல் போனால் அவர் பங்கு எங்கள் மூவருக்குச் சமமாக வரும். கடைசியில் ஆளுக்கு 80. தம்பியின் 18 லட்சம் இதில் எங்குமே வராது. செலவு இல்லாத வழி இது. ஆனால் அப்புறம் வாரிசுகள் யார் யார் என்று காட்டும் வம்ச விருட்சச் சான்றிதழ் வாங்கி, மாநகராட்சியின் சொத்துப் பதிவான காத்தாவை எல்லார் பெயரிலும் மாற்றி, விற்க வேண்டுமானால் எல்லார் கையெழுத்தும் சேர வேண்டும். ஒருவர் மனசு கோணினால் வீடு பூட்டியபடியே நிற்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது, கேட்டில் முருங்கை சாய்ந்து வளர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலருக்கு நிலைமையே மாறிவிடும். நான் சொல்வதெல்லாம் சொந்தச் சம்பாத்தியத்துக்கு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் அப்பா தன் இஷ்டத்துக்கு ஒருவருக்குத் தானம் எழுத முடியாது. கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், அன்பினால் கொடுத்தேன் என்று எழுதிய பூர்வீகச் சொத்தின் தானப் பத்திரம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கும் அதை விளக்கிய 2020 தீர்ப்புக்கும் பிறகு, அந்தச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. ஆகவே ஊரில் தாத்தா நிலம் இருந்தால் அதை இந்தக் கணக்கோடு கலக்கவே வேண்டாம், தனியாகப் பாருங்கள்.

அக்கா முதலில் சொன்ன யோசனை தானப் பத்திரம். “வீட்டை நம்ம ரெண்டு பேர் பேருக்கும் இப்பவே எழுதிடச் சொல்லு. அவனுக்குத்தான் ஃப்ளாட் இருக்கே.” இதில் கவர்ச்சி நிறைய. கர்நாடகத்தில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் தானப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் சதவீதமாக வராது, சில ஆயிரங்களோடு நின்றுவிடும். பெற்றோரிடமிருந்து பிள்ளை வாங்கும் தானத்துக்கு வருமான வரியும் இல்லை. பதிவு செய்து, இரண்டு சாட்சி போட்டு, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே முடிந்தது. நாளைக்கு உயிலைப் பொய் என்று யாரும் கேஸ் போடும் கவலை இல்லை.

ஆனால் முடிந்தது என்றால் நிஜமாகவே முடிந்தது. கொடுத்தவர் மனசு மாறினால் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் வீட்டை மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்தார், நிபந்தனை எதுவும் போடவில்லை. இரண்டு வருஷத்தில் அவருடைய கட்டில் ஹாலிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போனது. நான் பார்க்கப் போனபோது அரிசி மூட்டைக்கும் பழைய தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இங்கே காத்து நல்லா வருதும்மா” என்றார். ஜன்னலே இல்லாத அறை அது.

2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயது நிரம்பியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு, பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், வீட்டையும் திரும்ப ஒப்படைக்கச் சொல்லலாம் என்றது. ஆகவே தானம்தான் எழுதுவேன் என்பவர்கள் இரண்டு வரியை விடவே கூடாது: என்னைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒன்று, நானும் என் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உண்டு என்பது இன்னொன்று. ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு தானம் கொடுத்தாலும் தானம் செல்லும் என்று 2014-லேயே தீர்ப்பு இருக்கிறது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “என் வீட்டில நான் குடியிருக்கேன்னு உங்க பத்திரத்தில எழுதணுமா?” என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சை விட்டோம். மன வளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கிற வீட்டிலோ, ஒரே மகள் கூட இருந்து பார்த்துக்கொள்ள மற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டிலோ, நிபந்தனையோடு எழுதும் தானம் சரியான வழியாக இருக்கலாம். எங்களுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, தம்பியிடம் எழுதி வாங்கிக்கொள்வது. ‘18 லட்சம் வாங்கிக்கொண்டேன், வீட்டில் பங்கு கேட்க மாட்டேன்’ என்று ஒரு விடுதலைப் பத்திரம். நம் குடும்பங்களில் இருபது ரூபாய் பத்திரத்தில் இப்படி எழுதி வாங்கி பீரோவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். இதன் பலம் நிச்சயமில்லாதது. அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் சொந்தச் சொத்தில் பிள்ளைக்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது, நாளைக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், அந்த எதிர்பார்ப்பை யாருக்கும் மாற்றித் தர முடியாது என்கிறது. இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, அதுதான் காரணம். ஆனால் 2023-ல் ஒரு வழக்கில், அப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிக் கொடுத்த மகனின் பிள்ளைகள் பிற்பாடு பங்கு கேட்டபோது, பணத்தை வாங்கிக்கொண்டு இப்போது பேச்சு மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே பதிவு செய்து, வாங்கிய தொகையைக் குறிப்பிட்டு எழுதிய பத்திரத்துக்கு மதிப்பு உண்டு. சும்மா அன்புக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பி வீடு விற்கப் போகாதீர்கள். தம்பியும் எழுதித் தரத் தயாராகத்தான் இருந்தான். முழுப் பங்கையும் விடுவதற்கு 18 லட்சம் சரியான ஈடா என்று கேட்டான், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

எஃப்.டி.-க்கு நாமினி போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரே வரி: நாமினி சொந்தக்காரர் இல்லை, வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைப்பவர். எல்.ஐ.சி. பாலிசிக்கு 1983 டிசம்பரிலும், பங்குப் பத்திரங்களுக்கு 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. பாலிசிக்கு மட்டும் 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது, பெற்றோரோ துணைவரோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக உயிலுக்கு வந்தோம். முத்திரைத் தீர்வை இல்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்தால் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்பா இருக்கும்வரை வீடு அப்பாவுடையது. பெங்களூரில் இருக்கிற சொத்துக்கு, உயில் உண்மையானது என்று கோர்ட்டில் வாங்கும் சான்றான புரொபேட் கட்டாயமும் இல்லை. எல்லாவற்றையும் விட, சட்டம் கூட்டாத பழைய கணக்கை உயிலில் அப்பாவே கூட்டிவிடலாம். என் மனசுக்கு இதுதான் சரி என்று பட்டது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நிஜமான கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது. 2009-ல் கொடுத்த 18 லட்சம் இன்றைக்கு எவ்வளவு? ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கீழ்வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். தம்பி கால்குலேட்டர் வைத்திருந்தான். 18 என்றால் 18 என்பது ஒரு வழி. வீட்டின் 240-ஓடு 18-ஐச் சேர்த்தால் 258, ஆளுக்கு 86. தம்பி ஏற்கெனவே 18 வாங்கிவிட்டதால் அவனுக்கு 68, எங்களுக்கு 86. கேட்க எளிது. ஆனால் 2009-ல் 18 லட்சத்துக்குக் கிடைத்தது இன்றைக்குக் கிடைக்குமா? அக்கா வேறு பக்கம் போனாள்: அந்தப் பணத்தில் வாங்கிய ஃப்ளாட் இன்று என்ன விலை, அதில் முன்பணத்தின் விகிதம் என்ன, அதைச் சேர்க்க வேண்டும். அன்று ஃப்ளாட் 45 லட்சம், அதில் 18 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. இன்று 1 கோடியே 25 லட்சத்துக்குப் போகும் என்றால் அதில் 50 லட்சம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. “அக்கா, மீதி இ.எம்.ஐ. பதினஞ்சு வருஷம் நான்தானே கட்டினேன். நான் கஷ்டப்பட்டதுக்கும் சேர்த்தா விலை போடறே?” என்றான். முன்பணத்தின் பங்கைத்தான் கணக்குப் போட்டாள் அவள். ஆனால் அவன் கேட்டது கணக்கை இல்லை.

நடுவில் ஒரு வழி கிடைத்தது. சொத்து விற்கும்போது பணவீக்கத்தைச் சரிக்கட்ட வருமான வரித்துறை வருஷா வருஷம் ஒரு குறியீட்டு எண் வெளியிடுகிறது. 2001-02-க்கு 100 என்று வைத்து, 2009-10-க்கு 148, 2025-26-க்கு 376. 18 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 148-ஆல் வகுத்தால் 45 லட்சத்து 73 ஆயிரம். 46 என்று வைத்துக்கொண்டோம். யாருடைய வாயிலிருந்தும் வராத எண் என்பதால் அதில் யாருக்கும் வருத்தம் வரவில்லை. ஃப்ளாட் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதைத் தொட வேண்டியதில்லை. இப்படி ஒரு பொது அளவுகோலை முன்பே ஒப்புக்கொள்வது எந்தக் குடும்பத்துக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம் தம்பி மெதுவாக, “நகை?” என்றான்.

கேட்க வேண்டிய கேள்விதான். அக்காவுக்கும் எனக்கும் கல்யாணத்துக்கு அப்பா ஒரே அளவு நகை போட்டார். அவனுக்கு அப்படி ஒன்றும் போடவில்லை. பெண்ணுக்குப் போட்ட நகை செலவு, பையனுக்குக் கொடுத்த பணம் பங்கு என்று பேசுவது நம் வீடுகளில் பழக்கம். பாகம் கேட்கும்போது மட்டும் மகளிடம் ‘அதான் நகை போட்டோமே’ என்று சொல்வதும் பழக்கம். இரண்டும் தப்பு என்று எனக்குப் படுகிறது. கொடுத்தது யாருக்குக் கொடுத்தாலும் எழுத வேண்டும். அம்மா நகை ரசீதுகளை மஞ்சள் பையில் வைத்திருந்தாள், அக்காவுடையதும் என்னுடையதும் ஒரே ரப்பர் பேண்டில். கல்யாணச் சாப்பாடு, மண்டபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நகைக்கு மட்டும் ஆளுக்கு 10 லட்சம் என்று அப்பா ஒரு தொகை சொன்னார். தங்கத்தின் இன்றைய விலைக்கு அது குறைவுதான், ஆனால் தம்பியே அதை ஒப்புக்கொண்டான்.

ஆகக் கணக்கு இப்படி வந்தது. வீடு 240, தம்பியிடம் 46, எங்கள் இருவரிடம் 20. மொத்தம் 306, ஆளுக்கு 102. தம்பிக்கு வீட்டில் 56, எனக்கும் அக்காவுக்கும் 92 வீதம். நாளைக்கு வீட்டு விலை மாறும் என்பதால் உயிலில் இந்தத் தொகைகளை எழுதவில்லை. கணக்குப் போடும் முறையைத்தான் எழுதினோம். நான் பதினோரு வருஷமாக மாடியில் வாடகை இல்லாமல் இருப்பதையும் சேர்க்கச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டார். “ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனா? அதுக்கு நான் வாடகை தரணுமா?” அக்காவும் தம்பியும் அதில் ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல் பிள்ளைகளுக்குப் பெரிய தொகை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுக்கும் நாளிலேயே இது கடனா, தானமா, பங்கில் முன்பணமா என்று எழுதிவிடுங்கள். கடன் என்றால் புரோநோட்டு வேண்டும், அதற்கும் மூன்று வருஷத்தில் காலாவதி உண்டு. அதற்குள் கடன்காரப் பிள்ளை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் மறுபடி உயிர் வரும். எங்கள் 2009 செக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை. அப்பாவின் டைரி மட்டும்தான் இருந்தது.

அப்பா உயிலில் கையெழுத்துப் போட்ட அன்று காலையில் டாக்டரிடம் போய், சுயநினைவோடு இருக்கிறார் என்று ஒரு சான்றும் வாங்கிக்கொண்டோம். சாட்சிக்கு எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும், எதிர்வீட்டு கன்னடக்கார அங்கிளும் போட்டார்கள். வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன். மூன்றாவது பத்தியில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்: ‘என் மகனுக்கு 2009-லும் என் இரு மகள்களுக்கு அவரவர் திருமணத்திலும் நான் கொடுத்தவற்றைக் கீழ்க்கண்ட முறையில் கணக்கிட்டு, என் வீட்டின் அன்றைய மதிப்போடு கூட்டி, மொத்தத்தை மூன்று சம பங்காக்கி, அவரவர் பெற்றதைக் கழித்து மீதியைக் கொடுக்க வேண்டும். என் மனைவி உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது, வாடகை முழுதும் அவளுக்கே.’

“கடைசி வரியை முதல்ல போடச் சொல்லு” என்றார். வக்கீல் மறுபடி டைப் அடித்துக் கொடுத்தார்.